ஓரறிவுயிரின் மூச்சு



உயிர்களுக்கு அமைந்த பிராணன்கள் பத்து என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் பாடசாலையில் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று. பொறிகள் ஐந்து, மனம், சொல், உடல் என்னும் பலங்கள் மூன்று, உயிர்ப்பு ஒன்று, ஆயுள் ஒன்று. மனமுடைய ஐயறிவுயிர்களுக்கு இப்பத்தும் உண்டு. ஓரறிவுயிர்களுக்கு நான்கு மட்டுமே உண்டு. அவை ஊறுணர்ச்சி, உடல் வலிமை, உயிர்ப்பு, ஆயுள் என்பன. புல்லும் பூண்டும் மரமும் கொடியும் இந்நான்கினாலேயே வாழ்கின்றன என்று ஆகமம் கூறுகிறது.

ஊறுணர்ச்சியை நாம் எளிதில் ஒப்புக்கொள்கிறோம். தொட்டாற்சுருங்கியைத் தொட்டுப் பார்க்காத குழந்தை உண்டா? உடலும் ஆயுளும் கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் மூக்கு இல்லை, நுரையீரல் இல்லை, மார்பு விம்மித் தாழ்வதும் இல்லை. அப்படிப்பட்ட செடி உயிர்க்கிறது என்று முன்னோர் சொன்னதன் பொருள் என்ன? இவ்விதழில் அந்த ஒரு பிராணனைப் பற்றியே சிந்திக்க விரும்புகிறேன்.

தமிழ் மண்ணுக்கு இக்கருத்து புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது, புல்லையும் மரத்தையும் ஓரறிவுடையனவாக முதற்படியில் நிறுத்தினார். நீலகேசி பௌத்தர்களோடு நிகழ்த்தும் வாதங்களில், மரத்துக்கு உயிர் உண்டா என்ற கேள்வியும் எழுந்து விவாதிக்கப்படுகிறது. அந்நூலைச் சமயதிவாகர உரையோடு 1936-ஆம் ஆண்டில் பதிப்பித்து நமக்கு மீட்டுத் தந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள். ஆக, நம்மவர் இதனை வாதத்தில் நிறுவ முயன்ற காலமும் உண்டு. அளவுகோலில் இட்டு அளந்த காலம் பின்னால் வந்தது.

நம் மேடைகளில் செடிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜகதீச சந்திர போஸ் அவர்களின் பெயர்தான் தவறாமல் வரும். அப்பெருமகனாரின் புகழுக்குக் குறை சொல்ல எவராலும் இயலாது. எனினும், செடியின் மூச்சை அளந்த இன்னோர் இந்தியரை நாம் ஏனோ நினைவுகூர்வதில்லை. அவர் பெயர் பிராணகிருஷ்ண பரிஜா. பெயரிலேயே பிராணன் இருக்கிறது! ஒரிசா மாநிலத்துக் கட்டாக் பகுதிச் சிற்றூர் ஒன்றில் 1891-ஆம் ஆண்டு எளிய குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிளாக்மன் என்னும் பெரும் தாவர அறிஞரிடம் பயின்றார். அது முதல் உலகப் போர்க் காலம். கிடைத்த உணவுப் பொருள்களைக் கெடாமல் காத்து வைப்பது இங்கிலாந்துக்குப் பெருங்கவலையாய் இருந்தது. ஆப்பிள் பழம் பறித்த பின்னும் ஏன் மாறுகிறது, எப்போது கெடுகிறது என்று ஆராயும் பொறுப்பு இவர்களிடம் வந்தது.

அவர்கள் செய்தது இதுதான். ஆப்பிள்களைக் காற்றுப் புகாத கலத்தில் வைத்து, கரியமில வாயு நீக்கிய காற்றை ஒரு குழாய் வழியே மெதுவாக உள்ளே செலுத்தினார்கள். மறு குழாய் வழியே வெளியேறும் காற்றைக் காரக் கரைசலில் செலுத்தி, அதில் எவ்வளவு கரியமில வாயு சேர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். பல நாள் இடைவிடாமல், வெப்பநிலை மாறாமல் காத்து, ஒவ்வொரு பழத்தின் மூச்சுக் கணக்கையும் ஏட்டில் எழுதினார்கள். கிளையிலிருந்து பறித்த பழமும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது. இவ்வாராய்ச்சிகள் 1928-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் வரிசையாய் வெளிவந்தன. முதற் கட்டுரையில் பிளாக்மனும் பரிஜாவும் சேர்ந்து கையொப்பமிட்டிருக்கின்றனர். இரண்டாவது பரிஜா தனியே எழுதியது.

அந்த இரண்டாவது கட்டுரையின் பொருள் என் மனத்தை மிகவும் ஈர்த்தது. பழத்தைச் சூழ்ந்த காற்றை அகற்றிவிட்டு வெறும் நைட்ரஜனைச் செலுத்தினால் என்ன நேரும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. பிராணவாயு இல்லையென்றால் மூச்சு நின்றுவிடும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? நிற்கவில்லை. காற்றில் இருந்தபோது விட்டதைவிடக் கூடுதலான கரியமில வாயுவைப் பழம் வெளியிட்டது! தன்னுள் சேர்த்து வைத்த சர்க்கரையை அது சாராயமாகச் சிதைக்கத் தொடங்கியிருந்தது. பிராணவாயு இருக்கும்போது பழம் தன் சேமிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது; அது கிடைக்காதபோது அதே சேமிப்பை வீணாக அள்ளி இறைக்கிறது. காற்றில் இருக்கையில், சிதைந்த பொருளில் ஒரு பகுதி மீண்டும் கட்டப்படுகிறது என்று பிளாக்மன் இதற்கு விளக்கம் கூறினார். அவ்விளக்கத்தைப் பிற்கால அறிஞர்கள் வெவ்வேறு வகையில் திருத்தியிருக்கிறார்கள். ஆயினும் அளந்த உண்மை அப்படியே நிற்கிறது.

இதை அறியக் கேம்பிரிட்ஜ் செல்ல வேண்டியதில்லை. கொய்யாவையோ சப்போட்டாவையோ பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இரண்டு நாள் மறந்துவிட்டுத் திறந்து பாருங்கள். கள்ளின் வாடை மூக்கைத் துளைக்கும். அத்தகைய பழத்தை நம் பாட்டிமார் தொடவும் மாட்டார்கள். மதுவை விலக்குதல் மூலகுணங்களுள் ஒன்றல்லவா? நொதித்த வாடை வீசினாலே விலக்கு என்பது அவர்கள் கணக்கு. மூச்சு முட்டிய பழம் அது என்பது பரிஜா அவர்களின் ஏடு நமக்குத் தரும் கூடுதல் செய்தி.

பரிஜா தாயகம் திரும்பிக் கட்டாக்கின் ரேவன்ஷா கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். 1943-ஆம் ஆண்டில் உத்கல் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தரானார். 1955-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1978-ஆம் ஆண்டு மறைந்தார்.

இங்கே ஆசிரியப் பணியில் பழகிய நாக்கு ஒன்றைச் சொல்லாமல் விடாது. பகலில் மரம் பிராணவாயு தரும், இரவில் கரியமில வாயு விடும் என்று பலர் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். செடி இரவில் மட்டும் மூச்சு விடுகிறது என்ற எண்ணம் இதிலிருந்து பிறக்கிறது. செடி இரவும் பகலும் இடைவிடாமல் உயிர்க்கிறது. பகலில் அதே இலை கதிரவனின் ஒளியால் உணவு சமைக்கிறது. அச்சமையலுக்குக் கரியமில வாயு வேண்டும். ஆகவே தான் விட்ட மூச்சையும் தானே எடுத்துக்கொண்டு, அதற்கு மேலும் வெளியிலிருந்து பெறுகிறது. அதனால் பகல் மூச்சு நம் கண்ணுக்கு மறைகிறது. இங்கென்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர் 1779-ஆம் ஆண்டிலேயே ஒளியில் செடி காற்றைத் தூய்மையாக்குவதையும் இருளில் கெடுப்பதையும் சோதித்து எழுதினார். செடி ஒளியால் சமைக்கும் உணவில் ஏறத்தாழப் பாதியைத் தன் மூச்சுக்கே செலவிடுகிறது. உழைத்ததில் பாதி உயிர் தரித்திருக்கவே போய்விடுகிறது என்றால், நம் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குக்கும் அதற்கும் அதிக வேறுபாடில்லை.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாழும் நம் குடும்பத்தார் ஒருமுறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்காவுக்குச் சென்று வாருங்கள். 2011-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பூங்கா அது. சதுப்பு நிலத்து அலையாத்தி மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் முனைகளைப் போல் வேர்கள் மேல்நோக்கி நிற்கும். சேற்றுக்குள் காற்று இல்லாமையால், மூச்சு விடுவதற்கென்றே அம்மரம் வேர்களை வானத்தை நோக்கி நீட்டுகிறது. ஓரறிவுயிருக்கு உயிர்ப்பு உண்டு என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்டும் காட்சி நம் ஊரில் இல்லை. ஓரறிவைக் கூறிய தொல்காப்பியரின் பெயரே அப்பூங்காவுக்கு அமைந்ததும் பொருத்தமே.

அங்கிருந்து திரும்பித் தியாகராய நகர்ப் பக்கம் வந்தால் வேறு காட்சி. நடைபாதை அமைக்கிறோம் என்று மரத்தின் அடிவரை சிமெண்டைக் குழைத்துப் பூசியிருப்பதைப் பல தெருக்களில் காணலாம். நம் வீட்டு வாசல்களும் இதற்கு விலக்கல்ல. வாகனம் நிறுத்த வசதி வேண்டி, வேப்பமரத்தின் கழுத்து வரை ஓடு பதிக்கிறோம். வேரும் உயிர்க்க வேண்டும். மண்ணின் இடைவெளிகளில் உள்ள காற்றைத்தான் அது பெறுகிறது. நீரும் காற்றும் புகாமல் மூடிவிட்டால் வேர் மெல்ல நலிகிறது. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயலில் இந்நகரத்தில் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. காற்றின் வேகமே முதற் காரணம் என்பது உண்மை. ஆயினும் வேரூன்ற இடமின்றி நின்ற மரங்கள் எத்தனை என்று நினைக்கத் தோன்றுகிறது.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தாருக்கு வகுத்த குண விரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனில்லாத தீங்கினின்று விலகுதல் என்பது அதன் பொருள். அதன் உட்பிரிவுகளுள் பிரமாத சரியை என்பதும் உண்டு. காரணமின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் போன்றவற்றை அது குறிக்கிறது. (இக்காலத்தில் பிரமாதம் என்றால் மிகச் சிறப்பு என்று பொருள் கொள்கிறோம். ஆகமத்தில் அது கவனமின்மை. சொற்கள் எவ்வளவு தூரம் நடந்துவிடுகின்றன!) அந்நூலின் வழியில் எழுந்த நம் அருங்கலச்செப்பைப் பயின்றோர்க்கு இது புதிய செய்தியன்று. பறித்து உண்ணாமல் இல்லறத்தார் வாழ இயலாது என்பதை ஆசாரியர் அறிவார். ஆகவே அசையும் உயிர்களை அறிந்து கொல்லாமை அவர்களுக்கு அணுவிரதமாயிற்று. நிலைத்திணை உயிர்களிடத்துத் தேவைக்கு மேற்பட்ட தீங்கு விலக்காயிற்று. மரத்தின் கழுத்தில் ஊற்றும் சிமெண்ட் எந்தத் தேவையில் அடங்கும்?

என் தமக்கையின் பேத்தி ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் சுவாசம் பற்றிய பாடம் நடந்திருக்கிறது. முளைகட்டிய பச்சைப்பயற்றைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, அதன் காற்றைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் நீர் பால்போல் வெளுக்கும். வகுப்பறைகளில் எத்தனையோ ஆண்டுகளாய் நடக்கும் சோதனைதான். அதைக் கண்டு வந்தவள் என்னிடம் கேட்டாள்: “பாட்டி, பயறும் மூச்சு விடுகிறது, கத்தரிக்காயும் மூச்சு விடுகிறது. அப்படியானால் ஆட்டைத் தின்பவர்களை மட்டும் நாம் ஏன் குறை சொல்ல வேண்டும்? என் தோழி கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.”

நம் பிள்ளைகள் பலரும் இன்று எதிர்கொள்ளும் கேள்வி இது. ‘சும்மா இரு’ என்று அடக்குவது பதிலாகாது. அவளிடம் சொன்னதை இங்கும் சொல்கிறேன்.

முதலாவது, எவரையும் குறை சொல்வதற்காக நாம் புலாலை விலக்கவில்லை. இரண்டாவது, கத்தரிக்காயைப் பறிப்பதில் தீங்கே இல்லை என்று நம் சமயம் ஒருபோதும் சொன்னதில்லை. தீங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு, அதன் பின்னரே எல்லை வகுத்தது. ஓரறிவுயிருக்கு நான்கு பிராணன்கள், ஆட்டுக்குப் பத்து. ஒவ்வொரு பிராணனும் துன்பம் நுழையும் வாயில். வாயில்கள் பெருகப் பெருகத் துன்பமும் பெருகும். அத்துன்பத்தைக் கண்டும் கேட்டும் பொருட்படுத்தாத கொடுமை, செய்பவனுடைய நெஞ்சிலும் பெருகும். மயிலாப்பூரில் முன்னாளில் எழுந்தருளியிருந்து, கடல்கோளுக்கு அஞ்சி மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டார் என்று நாம் போற்றும் நேமிநாதரின் சரிதத்தை நினைவூட்டினேன். மணவிருந்துக்கென அடைத்து வைத்த விலங்குகளின் ஓலம் அவர் செவியில் விழுந்தது. தேரைத் திருப்பினார், துறவு பூண்டார். விலங்கு அழும். செடி அழாது. அதன் மூச்சைக்கூடச் சுண்ணாம்பு நீர் வைத்துத்தான் நாம் அறிய வேண்டியிருக்கிறது. அழுகுரலைக் கேட்ட பின்னும் உண்பவனுக்கு, குரலில்லாத உயிரிடம் இரக்கம் எங்கிருந்து வரும்?

அவள் அத்துடன் விடவில்லை. “அப்படியென்றால் செடிக்கு ஆன்மா உண்டு என்று விஞ்ஞானம் ஒப்புக்கொண்டதாகச் சொல்லலாமா?” என்றாள். சொல்லக் கூடாது என்றேன். நம்மவரில் சிலர் அவ்வாறு எழுதி மகிழ்வதையும் காண்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரிஜா அளந்தது வாயுவின் அளவை. சர்க்கரை பிராணவாயுவோடு கூடிக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறி ஆற்றல் தருவதை அவர் கணக்கிட்டார். ஆன்மாவைக் குடுவையில் அடைத்ததாக அவர் எங்கும் சொல்லவில்லை. நம் ஆசாரியர்களும் பிராணனைத் திரவியப் பிராணன், பாவப் பிராணன் என்று இரண்டாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். மூச்சும் உடலும் திரவியப் பிராணன், புத்கலத்தால் ஆனவை, கருவியால் அளக்கத் தக்கவை. அறிவும் உணர்வுமாகிய பாவப் பிராணன் உயிரின் இயல்பு. அது எந்தச் சுண்ணாம்பு நீரையும் வெளுக்கச் செய்யாது. விஞ்ஞானி முதலாவதை அளந்தார். அதுவே பெரிய பணி. இரண்டாவதற்கும் அவரிடம் சான்றிதழ் கேட்டு நிற்பது நம் ஆகமத்துக்கும் பெருமையன்று, அவருடைய உழைப்புக்கும் நேர்மையன்று.

கிழங்குகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சாதாரண வனஸ்பதியில் எண்ணற்ற உயிர்கள் ஓருடலைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுக்கு உணவும் பொது, மூச்சும் பொது என்று கோம்மடசாரம் விளக்குகிறது. நிகோத உயிர் ஒரு மூச்சுக்குள் பதினெட்டு முறை பிறந்து இறக்கும் என்பதும் அங்குள்ள கணக்கு. அம்மூச்சின் அளவையும் நூலார் தந்திருக்கிறார்கள். ஒரு முகூர்த்தத்துக்கு, அதாவது 48 நிமிடத்துக்கு, 3773. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 78-க்குச் சற்று மேல் வருகிறது. அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில்தான் மூச்சு விடுகிறார். 78 என்பது நாடித் துடிப்புக்கு நெருங்கிய எண். முன்னோர் எதை எண்ணினார்கள் என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். நான் சொல்ல வந்தது வேறு. உருளைக்கிழங்கின் மூச்சை இன்றைய தாவரவியலார் அளந்திருக்கிறார்கள். காய்கறிகளுள் மிக மெதுவாக உயிர்ப்பவற்றில் அதுவும் ஒன்று. கீரையும் பச்சைப் பட்டாணியும் மிக விரைவாக உயிர்ப்பவை. மூச்சின் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் கிழங்கை உண்டு பட்டாணியை விடவேண்டி வரும்! கிழங்கை விலக்கும் நியமம் மூச்சளவைக் கொண்டு எழுந்ததன்று என்பது இதனால் தெளிவாகிறது. பயன் சிறிது, அழியும் உயிர் பல என்பதே சமந்தபத்திரர் கூறும் காரணம். அவர் பச்சை இஞ்சி, முள்ளங்கி முதலியவற்றோடு வேப்பம்பூவையும் தாழம்பூவையும் சேர்த்திருப்பதைச் சித்திரை முதல் நாளன்று அடுப்படியில் நிற்போர் நினைவில் கொள்ளலாம்.

பறித்த காயும் கீரையும் சமைக்கும்வரை உயிர்க்கின்றன. நம் நூல்கள் அவற்றைச் சசித்தம் என்கின்றன. கொதிநீரில் வெந்ததும் அசித்தம் ஆகின்றன. மூச்சை நடத்தும் நொதிகள் வெப்பத்தில் குலைந்துவிடுவதால், குடுவையில் இட்டாலும் அதன் பின் அவை கரியமில வாயு விடுவதில்லை. சசித்தத் தியாகம் ஐந்தாம் படிமை. அந்நிலைக்கு எல்லோரும் உடனே ஏற இயலாது. ஆனால் வாங்குவதை அளந்து வாங்க எல்லோராலும் இயலும். சென்னையின் வெயிலில், வெப்பம் பத்து டிகிரி ஏறும் ஒவ்வொரு முறையும் காய்கறியின் மூச்சு இரண்டு மடங்கு அளவுக்கு விரைகிறது. குளிர்பதனப் பெட்டியில் மூச்சு தணியும், அடங்குவதில்லை. அதற்குள் இருக்கிறதென்ற தைரியத்தில் நான்கு கட்டுக் கீரை வாங்கி, இரண்டைச் சமைத்து, இரண்டை மஞ்சளாக்கிக் குப்பையில் இடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. உண்பதற்கென்று பறித்தது ஒருவகைத் தீங்கு. உண்ணாமல் எறிவதற்கென்று பறித்தது அனர்த்த தண்டம். அஷ்டமி சதுர்த்தசி நாட்களில் பசுங்கீரையை விலக்கும் இல்லங்களில், முந்திய நாள் வாங்கி வைத்த கட்டு என்னவாகிறது என்பதையும் தாய்மார்கள் சற்றுக் கவனிக்க வேண்டுகிறேன்.

பேத்தி கடைசியாக ஒன்று கேட்டாள். சோதனைக்கு வைத்த பயறு என்ன ஆயிற்று என்று நான் விசாரித்தபோது, “அதைக் கொட்டிவிட்டார்கள். அதுவும் அனர்த்த தண்டமா, பாட்டி?” என்றாள். சோதனையை வீட்டிலும் ஒருமுறை செய்து பார்ப்போம், கைப்பிடி வேண்டாம், இருபது பயறு போதும் என்றேன். சுண்ணாம்பு நீர் அன்று மாலைக்குள் வெளுத்தது. முளைத்த பயற்றை அவளே மாடித் தொட்டியில் ஊன்றினாள். பதினேழு பிழைத்திருக்கின்றன.